தாச்சி கவிழாத ஸ்லாப்

என்னை ஓய்வுபெறச் சொன்னது வேறு யாரும் இல்லை, என் முழங்கால்கள்தான். கொழும்பில் எத்தனையோ கட்டடங்களின் ஏணியிலும் படியிலும் என்னைச் சுமந்த அந்த இரண்டும், ஒருநாள் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே வேலைநிறுத்தம் செய்துவிட்டன. தொழிற்சங்கத் தலைவன் வேலைநிறுத்தத்தை மதிக்கத்தானே வேண்டும். மதித்தேன். செயற்குழுவைக் கூட்டி, இந்த வருடத்தோடு எனக்குப் போதும், வேறொருவரைத் தலைவராக்குங்கள் என்று சொன்னேன்.

அப்படிச் சொன்ன அன்று யாரும் அழவில்லை. பிளேன்ரீ குடித்தோம், கலைந்துபோனோம். அழுதது பிறகு, மண்டபத்தில், எனக்கு மாலை போட்ட பிறகு. அந்த அழுகையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் சங்கம் பெரிய சங்கம் என்று பொய் சொல்லமாட்டேன். மேசன்மார், கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கும் தச்சர்கள், பெயின்ற் அடிக்கிறவர்கள், கூலியாட்கள் என்று கட்டட வேலையோடு ஒட்டிய எல்லோரும் அதில் இருந்தார்கள். களனியிலிருந்து சிங்களவர்கள் வருவார்கள், மாளிகாவத்தையிலிருந்து முஸ்லிம்கள் வருவார்கள், மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கிவிட்டவர்கள் வருவார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வாலிப வயதில் கம்பி கட்ட வந்தவன். கூட்டத்தில் ஒருவர் சிங்களத்தில் தொடங்கிய வசனத்தை இன்னொருவர் தமிழில் முடிப்பார். கோபம் வந்தால் மட்டும் எல்லோரும் சிங்களத்தில் ஏசுவோம். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே வந்ததில்லை.

கட்டட வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். ஒரு மாடியின் தளத்தை நாங்கள் ஸ்லாப் என்போம். பலகை அடித்து, அதன்மேல் கம்பி கட்டி, எல்லாம் சரியென்று இன்ஜினியர் பாஸ் பண்ணிய பிறகு, ஒரே நாளில் கொங்கிறீட்டைக் கொட்டி முடிக்க வேண்டும். மிக்சர் லொறிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இடையில் நிறுத்தினால் முதலில் கொட்டியது இறுகிவிடும், பிறகு கொட்டுவது அதனோடு சரியாக ஒட்டாது. பார்க்க ஒரு கோடு மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தக் கோட்டால் தண்ணீர் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், கீழ்வீட்டில் படுக்கிற குடும்பத்துக்கு ஒருநாளும் நிம்மதி இராது.

ஆகவே கொந்தராத்துக்காரருக்கு ஸ்லாப் நாளைப்போலப் பயமான நாள் வேறில்லை. பம்ப் வாடகைக்கு வந்து நிற்கும், லொறிகள் வாகனம் நெரிகிற காலி வீதியில் நிற்கும், வானம் கறுக்கிறதா என்று அவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதமும் அந்த நாள்தான். ஏதாவது நியாயம் கேட்க வேண்டியிருந்தால், ஸ்லாப் நாள் காலையில் தேங்காய் உடைப்பதற்கு முன்பே, சமையல் தாச்சிச் சட்டி மாதிரியே வளைந்த, கொங்கிறீட் அள்ளுகிற இரும்புத் தாச்சிகளைக் கேற்றுக்குள் வரிசையாகக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் குந்துவோம். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. கவிழ்ந்த தாச்சியைத் தாண்டி வெளியாட்களும் வேலைக்குள் இறங்கமாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. பம்ப் வந்து தாச்சியின் வேலையைக் குறைத்துவிட்ட பிறகும் அந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் குறைக்கவில்லை. குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு மறைவான கழிப்பறை, தலைக்கவசம் என்று நாங்கள் வாங்கியதெல்லாம் தாச்சியைக் கவிழ்த்து வாங்கியதுதான்.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. தாச்சியைக் கவிழ்ப்பதென்றால் முதல் கொங்கிறீட் விழுவதற்கு முன் கவிழ்க்க வேண்டும். விழுந்த பிறகு யார் என்ன சொன்னாலும் முடிக்க வேண்டும். நான் சங்கத்தில் சேர்ந்த புதிதில், எனக்கு முன் தலைவராக இருந்தவர் ஆத்திரத்தில் நுகேகொடையில் ஒரு ஸ்லாப்பைப் பாதியில் நிறுத்தினார். கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் அந்தத் தளத்தை இன்ஜினியர் ஏற்கவில்லை, இடித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். இடித்ததும் நாங்கள்தான். கெட்டியாகிப்போன கொங்கிறீட்டைச் சுத்தியலால் கொத்தும்போது தெறித்த ஒரு துண்டு எங்கள் ஆள் ஒருவரின் ஒரு கண்ணைப் பறித்துவிட்டது. அதற்குப் பிறகு பாதியில் நிறுத்தும் பேச்சையே சங்கம் எடுக்கவில்லை. நான் தலைவரான பிறகு ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலில் சொல்வது இதைத்தான். நாங்கள் சண்டை பிடிப்பது கொந்தராத்துக்காரரோடு, அந்த வீட்டில் நாளைக்குக் குடியிருக்கப்போகிறவர்களோடு அல்ல என்பேன். மேடையில் நன்றாகக் கைதட்டு வாங்கித்தந்த வசனம் அது.

எனக்குப் பிறகு தலைவராக யார் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உபதலைவன் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன், மேசன், என்னைவிடப் பல வயது இளையவன். நான் அவனைத் தம்பி என்பேன், அவன் என்னை அண்ணை என்பான். அவனுக்குத் தகப்பன் இல்லாதபடியால் பெண் கேட்டுப் போனது நானும் என் மனைவியும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில். மீன்தலை அவனுக்குத்தான். என் வீட்டு மீன்தலையை நான் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்றால், அவன் எனக்கு என்ன முறை என்று நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

என்னுடைய கடைசி வழக்கு வெள்ளவத்தையில் வந்தது. கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஆட்களையும் சாமானையும் மேலே ஏற்றுகிற கூண்டை ஓட்டியவன் களனிக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் அவனை மல்லி, அதாவது தம்பி என்பேன், அவன் என்னை அய்யே, அண்ணை என்பான். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும், இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கூண்டின் பிரேக் வழுக்கத் தொடங்கியிருந்தது. மேலே போய் நின்றால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அவன் போர்மனிடம் சொன்னான், பார்ப்போம் என்றார்கள். மறுபடி சொன்னான், மறுபடியும் பார்ப்போம் என்றார்கள். ஒருநாள் காலை வேலையாட்கள் ஏற வந்து நின்றபோது கூண்டைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சிமெந்து ஏற்றுகிறேன், ஆள் ஏற்றமாட்டேன் என்றான். பின்னேரம் வேலை போய்விட்டது. திறப்பை வாங்கிக்கொண்டு கேற்றுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

சங்கக் கந்தோரில் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவன் கோபப்படவில்லை.

"அய்யே, நான் ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகேல்ல. கூண்டுக்குள்ள ஏறுற ஆக்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். விழுந்தா அவங்கட வீட்டுக்கு நான்தானே போய்ச் சொல்லோணும்" என்றான்.

எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. அவனுடைய தோளைப் பிடித்துச் சொன்னேன்: "மல்லி, அந்தக் கட்டடத்தில அடுத்த ஸ்லாப் விழ முதல் நீ உன்ர கூண்டுக்குள்ள நிப்பாய். இது என்ர சொல்லு."

தலைவனாக நான் கொடுத்த கடைசி வாக்கு அது. செயற்குழுவில் விஷயத்தை வைத்தேன். அடுத்த ஸ்லாப் நாளில் தாச்சி கவிழ்ப்பதென்று தீர்மானித்தோம். எல்லோரும் கை உயர்த்தினார்கள், முதலில் உயர்ந்த கை உபதலைவனுடையது. இந்த வேலை முடிந்ததும் நிம்மதியாகப் போய் வீட்டில் கால் நீட்டி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் சாப்பிட வந்தான். மீன்தலையை உடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அண்ணை, வாற சனிக்கிழமை இஞ்ச பக்கத்து மண்டபம் கிடைச்சிருக்கு. உங்கட பிரியாவிடையை அண்டைக்கே வைப்பம்."

"வெள்ளவத்தை ஸ்லாப் கிட்டுது. அதை முடிச்சிட்டுப் பாப்பம்" என்றேன்.

"அது தள்ளிப்போட்டுது அண்ணை. கம்பியை இன்ஜினியர் பாஸ் பண்ணேல்லயாம். பல இடத்தில அவிட்டுக் கட்டச் சொல்லிப்போட்டார்."

கம்பி கட்டி வளர்ந்தவனிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. அவிழ்த்துக் கட்டச் சொல்லாத இன்ஜினியரை நான் கண்டதே இல்லை. உடனே நம்பினேன். குசினிக்குள் இருந்து என் மனைவிதான் குரல் கொடுத்தாள்.

"ஏன் இவ்வளவு அவசரம்? அந்தப் பொடியன்ர அலுவல் முடியட்டுமே."

"அண்ணி, அண்ணை தலைவரா இருக்கேக்க மாலை போட்டாத்தானே மரியாதை. வீட்டில குந்தினாப் பிறகு ஆர் வருவினம்?" என்று அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

வழக்கமாக ஸ்லாப் எப்போது என்பதை நான் யாரிடமும் கேட்பதில்லை. சைட்டுக்குப் போய்க் கம்பியைக் கண்ணால் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். அந்தக் கிழமை நான் போகவில்லை. முழங்கால் ஒரு காரணம். மற்றக் காரணம், சொன்னது அவன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளவத்தை சைட்டிலிருந்து எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தோய்த்து மடித்த சேர்ட்டில் அவர்களை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சிமெந்துத் தூசி இல்லாவிட்டால் எல்லோரும் கிளாக்கர்மார் மாதிரித்தான் இருக்கிறார்கள். கூண்டுக்காரனும் வந்திருந்தான். சிங்கள வழக்கப்படி இரண்டு கையாலும் வெற்றிலை தந்து, குனிந்து கும்பிட்டான். நான் அவனைத் தூக்கி நிறுத்தி, "உன்ர அலுவல் முடிஞ்சாப் பிறகு கும்பிடு" என்றேன். அவன் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான்.

பேச்சுகள் தொடங்கின. இத்தனை பேச்சாளர்கள் எங்கள் சங்கத்தில் இருந்தார்கள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். வாய் திறக்காத பெயின்ரர்கூட என்னைப்பற்றிப் பேசினார். ஒருவர் முடிக்க இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். கடைசியில் உபதலைவன் வந்தான். "எனக்கு அப்பா இல்லை, அண்ணைதான்" என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தான். பிறகு சங்கத்தின் சார்பில் ஒரு பரிசு தந்தான். கண்ணாடிபோல மினுக்கிய ஒரு தாச்சி. விளிம்பில் என் பெயரை வெட்டியிருந்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில், காலை நீட்டலாம் என்று பின்கதவுப் பக்கம் போனேன். ஒரு வான் வந்து நின்றிருந்தது. இரண்டு பேர் சோற்றுப் பார்சல்களை இறக்கிவிட்டு, செவ்விளநீர்க் குலைகளை இறக்கினார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. பிரியாவிடைக்குப் பற்றிஸ் வரும், கேக் வரும், சோடா வரும். செவ்விளநீரை யார் கொண்டுவருவார்? செவ்விளநீர் ஸ்லாப் நாளின் சாமான். வெயிலில் நாள் முழுக்கக் கொங்கிறீட்டோடு நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது வெள்ளவத்தைக் கொந்தராத்துக்காரரின் பழக்கம். அவரைப்பற்றி எத்தனையோ குறை சொன்ன நான், அதை மட்டும் மேடையில் பாராட்டியிருக்கிறேன்.

சாரதியிடம் சிங்களத்தில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டேன்.

"வெள்ளவத்தை சைட்டில இறக்கிட்டு மிச்சத்தை இஞ்ச கொண்டுபோகச் சொன்னாங்க. அங்க இண்டைக்கு ஸ்லாப் தானே" என்றான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

நான் உள்ளே திரும்பி வந்தேன். உபதலைவன் ஆட்களுக்குப் பார்சல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"தம்பி, வெள்ளவத்தையில ஸ்லாப் போடுறாங்களாம்."

இல்லை என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட ஒரு நிமிஷம் அவனை நம்பியிருப்பேன்.

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம், அண்ணை."

"இப்ப கதை."

என்னை மேடையோரம் கூட்டிக்கொண்டு போனான். "கொம்பனி எங்களோட ஒப்பந்தம் எழுத ஓமெண்டிட்டுது. அவையின்ர எல்லாச் சைட்டிலயும் சங்கத்துக்கு இடம். நீங்க இவ்வளவு காலம் கேட்டும் கிடைக்காத விஷயம். அவை கேட்டது ஒண்டே ஒண்டுதான். இந்த ஸ்லாப்பில தாச்சி கவிழக் கூடாது."

"அப்ப அந்தப் பொடியன்?"

"ஒரு ஆளுக்காக எல்லாரையும் விடச் சொல்லுறீங்களோ?"

"அவனுக்குச் சொல்லுக் குடுத்தது நான்."

"அதாலதான் உங்களுக்குச் சொல்லேல்ல" என்றான்.

நான் திரும்பிச் செயற்குழு ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் பார்சலைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். ஒருவர் கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். இன்னொருவர், அவருக்காக நான் பொலிஸில் அடி வாங்கியிருக்கிறேன், எழும்பிக் கை கழுவப் போனார். அந்த மண்டபத்தில் விஷயம் தெரியாமல் இருந்தது இரண்டே பேர். ஒருவன் மாலையோடு மேடையோரம் நின்றான். மற்றவன் மூன்றாவது வரிசையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பொலிஸ் அடித்தபோதும் வலித்ததுதான். ஆனால் பொலிஸ்காரர் யாரும் என் வீட்டில் மீன்தலை சாப்பிட்டவர் இல்லை.

கூண்டுக்காரனை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன். உபதலைவன் தடுக்கவில்லை. "அண்ணை, இப்ப போய் என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டான். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு த்ரீவீலில் ஏறினேன்.

வழியில் கூண்டுக்காரனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸிலிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் மாலை இன்னும் கழுத்தில் கிடப்பதைக் கண்டேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அந்த மாலையைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான்.

வெள்ளவத்தையில் கேற்றுக்கு வெளியே மிக்சர் லொறி வரிசை நின்றது. உள்ளே ஒரு தாச்சியும் கவிழ்ந்திருக்கவில்லை. வாசலில் உடைத்த தேங்காய் கிடந்தது. கூண்டில் நின்ற புது ஆள் கதவைத் திறந்து ஏறச் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் படியால் ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் முழங்கால் என்னை ஏசியது. அவன் பின்னால் வந்து என் முதுகில் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டே வந்தான்.

மேலே பாதிக்கு மேல் கொட்டிவிட்டார்கள். எல்லாம் வெளியாட்கள். பம்ப் குழாயைப் பிடித்து நின்றவன் மட்டும் எங்கள் சங்கத்தில் முன்பு இருந்தவன், வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டவன். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினான். பம்ப் நின்றது. ஓசை அடங்கியதும் கடல் இரைச்சல் கேட்டது. மட்டக்கோலோடு நின்றவர்கள், தாச்சியோடு நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யார் என்பதை அவர்களுக்குக் குழாய்க்காரன் சொல்லியிருப்பான்.

"அய்யே, நவத்தன்ன" என்றான் கூண்டுக்காரன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். "நீங்க பக்கத்தில நிண்டாப் போதும். தாச்சியை நான் கவிழ்க்கிறன்."

என் காலடியில் ஒரு தாச்சி கிடந்தது. அவன் குனிந்தால் எட்டும். நான் ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொந்தராத்துக்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்திருப்பார். பொழுது சாய்வதற்குள் அவன் தன் கூண்டுக்குள் நின்றிருப்பான். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

நான் ஸ்லாப்பைப் பார்த்தேன். கொட்டிய இடத்துக்கும் கொட்டாத இடத்துக்கும் நடுவில் அந்த விளிம்பு நின்றது. மத்தியான வெயிலில் அதன் மினுமினுப்பு மங்கத் தொடங்கியிருந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் வெயில் பட்டால் கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. உபதலைவன்.

"எவ்வளவு போட்டிட்டாங்கள், அண்ணை?"

"பாதிக்கு மேல."

"அப்ப நீங்க நிப்பாட்ட மாட்டீங்க" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை.

எனக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. ஏன் அத்தனை பேச்சாளர்கள், ஏன் அந்தப் பெயின்ரர்கூடப் பேசினார், ஏன் ஒருவரும் என்னை வாசலில் தடுக்கவில்லை. பாதி விழும்வரை என்னை மேடையில் இருத்திவைத்தால் போதும், மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் இருந்த கெட்டதைப் பிடித்து என்னை விழுத்தியிருந்தால் நான் இவ்வளவு நொந்திருக்கமாட்டேன். என்னிடம் இருந்த ஒரு நல்ல பழக்கத்தை, நானே வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்ததை, அவன் எடுத்து எனக்கே பூட்டாகப் போட்டுவிட்டான். ஃபோனை அணைத்தேன்.

குழாய்க்காரன் இன்னும் கையைத் தூக்கியபடி நின்றான். நான் அவனிடம், "போடு" என்றேன்.

பம்ப் மறுபடி உறுமியது. கூண்டுக்காரன் என்னை நம்பமுடியாமல் பார்த்தான்.

"மல்லி, பாதியில..." என்று தொடங்கினேன்.

"அது எனக்கும் தெரியும், அய்யே. சொல்லித் தந்தது நீங்கதானே." பிறகு, ஓசைக்கு மேலாகக் கேட்கவேண்டுமென்று என் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னான்: "ஸ்லாப் நாளில உங்களுக்கு விழா வைக்கிறாங்க. அது உங்களுக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியாது. நான் நம்போணும்."

என்னிடம் இருந்த பதில் உண்மைதான், ஆனால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. அவன் படியால் இறங்கிப்போனான். ஏறும்போது என் முதுகைத் தாங்கிவந்தவன், இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைசி லொறி காலியாகும்வரை அங்கேயே ஒரு பலகைக் குவியலில் இருந்தேன். யாரோ ஒரு செவ்விளநீர் கொண்டுவந்து தந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒப்பந்தம் எழுதினார்கள். பத்திரிகையில் படமும் வந்தது. உபதலைவன் தலைவனாகிவிட்டான், கொந்தராத்துக்காரரோடு கை குலுக்கிக்கொண்டு நிற்கிறான். கூண்டின் பிரேக்கையும் மாற்றினார்களாம். கூண்டுக்காரனை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. வேலையை மறுத்தவனை எடுத்தால் மற்றவர்களும் மறுப்பார்கள் என்று சொன்னார்களாம், சங்கமும் ஓம் என்றதாம். சங்கத்து ஆட்கள் தெருவில் கண்டால், "அண்ணை, இப்ப எல்லாச் சைட்டிலயும் எங்களுக்கு மரியாதை" என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருப்பதுதான் எனக்கு மேலும் ஆத்திரம். தம்பியைக் கள்ளன் என்று ஏசிவிட்டுப் படுத்தால் நித்திரையாவது வரும்.

பிரியாவிடைக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் மண்டபத்தில் விட்டுவந்த அந்த மினுக்குத் தாச்சியை எடுத்துக்கொண்டு உபதலைவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"அடுப்பில வைக்கேலாத தாச்சி எனக்கெதுக்குத் தம்பி?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அவன் அதைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதிலே மழைத் தண்ணீர் நிறைந்து, டெங்கு பார்க்க வருகிற உத்தியோகத்தர் எங்களை நன்றாக ஏசிவிட்டுப் போனார். அதன்பிறகு என் மனைவி அதைக் கவிழ்த்துவைத்தாள். அது இப்போதும் படியோரம் அப்படியே இருக்கிறது. அந்த வருடம் கவிழ்ந்த தாச்சி அது ஒன்றுதான்.

கட்டடமும் முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். வெள்ளவத்தைக்குப் போனால் கடற்கரைப் பக்கம் நின்று அந்த மாடியை அண்ணாந்து பார்ப்பேன். பல்கனியில் உடுப்புக் காய்கிறது. ஒரு வெடிப்பும் இல்லை. நல்ல ஸ்லாப்.

கூண்டுக்காரனைத் தேடிக் களனிக்கு ஒருமுறை போனேன். அவனுடைய மனைவி, வெளியே போய்விட்டார் என்றாள். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

போன மாதம் நுகேகொடையில் ஒரு புடைவைக் கடைக்கு நானும் மனைவியும் போனோம். வாசலில் செக்யூரிட்டி உடுப்பில், தொப்பியோடு அவன் நின்றான். கொஞ்சம் மெலிந்திருந்தான். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மல்லி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குட் மோர்னிங், சேர்" என்றான் அவன். "பையைக் காட்டுங்க."

எல்லோருடைய பையையும் வாங்குவதுபோல என் பையையும் வாங்கினான். சிப்பைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அடிவரைக்கும் பார்த்தான். திருப்பித் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம் கையை நீட்டினான்.